அழைப்பிதழில் அலங்காரக் கையெழுத்து ஃபொன்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்துகொண்டு அழைப்பிதழ், பெனர், தேயிலைப் பொதிக்கான லேபல் எல்லாம் வடிவமைக்கிறேன். "சாய்ந்து, சுருண்டு, வால் விட்டு ஓடுமே, அந்த எழுத்துத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அதிகம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதும், நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இங்கே.

அலங்காரக் கையெழுத்து ஃபொன்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பேனாவாலோ தூரிகையாலோ கையால் எழுதியது போலத் தெரியும்படி வரையப்பட்ட ஃபொன்டைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இது ஒரே வகை இல்லை. கல்யாணக் கார்டுக்கு எல்லோரும் கேட்பது 'கொப்பர்பிளேட்' வகை. கூர்மையான, வளைந்து கொடுக்கும் நிப்பால் எழுதிய எழுத்து அது. கீழே இழுக்கும்போது கையின் அழுத்தத்தில் நிப் விரியும், கோடு தடிக்கும். மேலே போகும்போது அழுத்தம் விட்டுப்போய் மயிரிழையாக மெலியும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வணிகக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கையெழுத்தைப் பழக்கினார்கள். பழகுவதற்கான மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. தேயிலைத் தோட்டத்து ஒஃபிசில் பழைய செக்ரோலையோ (தொழிலாளர் பேர்ப் பதிவேடு) கடிதக் கட்டையோ புரட்டிப் பார்த்தவர்களுக்கு, கிளாக்கர்மார் எழுதிய சாய்ந்த ஆங்கிலம் நினைவுக்கு வரலாம். அதுவும் இந்தக் குடும்பத்துக் கைதான்.

ஃபொன்டாக வந்தவற்றில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் பெயர் பெற்றது. சாள்ஸ் ஸ்னெல் என்ற பழைய எழுத்தாசிரியரின் கையைப் பார்த்து, மத்தியூ கார்ட்டர் 1960களில் வரைந்தது. எட்வர்டியன் ஸ்கிரிப்ட் 1994இல் வந்தது. இலவசமாகக் கிடைப்பதில் கிரேட் வைப்ஸ்தான் இப்போது கார்டுகளில் எங்கு பார்த்தாலும் இருக்கிறது.

மொனோடைப் கோர்சிவா வேறு சாதி. அது தட்டை நிப்பின் எழுத்து. சாய்வு உண்டு, ஆனால் எழுத்துக்கள் ஒன்றோடொன்று கைகோத்து ஓடாது. அதனால் வாசிக்க எளிது. பிரஷ் ஸ்கிரிப்ட் 1942இல் வந்த தூரிகை எழுத்து. கடைப் பலகைக்கு அது சரி, கல்யாணத்துக்குக் கொஞ்சம் முரடு.

தமிழில் ஏன் அப்படிச் சுருள் எழுத்து அதிகம் இல்லை?

நம் எழுத்து வளர்ந்த கருவி வேறு. ஓலையில் எழுத்தாணியால் கீறி, பிறகு கரி பூசித் துடைத்து எழுத்தைத் தெரிய வைத்தார்கள். எழுத்தாணிக்கு நிப் போல விரியும் முனை கிடையாது. கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே தடிப்பு. அழகு எல்லாம் வளைவில் இருந்தது, தடிப்பு மெலிவில் இல்லை. ஓலை கிழியும் என்று பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

வேலைப் பளுவும் ஒரு காரணம். ஆங்கிலத்துக்குப் பெரியதும் சின்னதுமாக 52 எழுத்து வரைந்தால் அடிப்படை முடிந்தது. தமிழில் 247. அத்தனையையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை என்பது உண்மைதான். கால், கொம்பு, விசிறி போன்றவற்றை ஒருமுறை வரைந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உகர, ஊகார வரிசை விடாது. கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. 18 மெய்க்கும் இரண்டு வரிசை என்றால் 36. அதன் மேல் டி, டீ, அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ. இவை எல்லாவற்றிலும் ஒரே கையின் ஓட்டம் தெரிய வேண்டும். சும்மா பொழுதுபோக்காகச் செய்து முடிக்கிற வேலை இல்லை இது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆடம்பரத்தை எல்லாம் சுமப்பது பெயரின் முதல் பெரிய எழுத்து. அது மயில் தோகை விரித்த மாதிரி நிற்கும், பின்னால் வரும் சின்ன எழுத்துக்கள் அடக்கமாக ஓடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. ஆகவே சுருளை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு சொல்லுக்கும் புதிய கேள்வி.

ஆங்கிலத்தில் செய்வதைப் பார்த்து, தமிழ் 'க'வின் தலையிலும் காலிலும் சுருளை ஒட்டிவைத்த ஃபொன்டுகள் உண்டு. எனக்கு அவை பிடிப்பதில்லை. தமிழ் எழுத்தின் வளைவு எந்தப் பக்கம் போக விரும்புகிறதோ அந்தப் பக்கம் நீட்டினால்தான் அழகு. 'ழ'வின் கீழ்ச்சுழி, 'ஞ'வின் கை, ணகர ஐகாரத்தின் பழைய தும்பிக்கை வடிவம் இவையெல்லாம் தாமாகவே நீளக் காத்திருக்கிற இடங்கள்.

அப்படியென்றால் தமிழுக்கு எதைப் பயன்படுத்துவது?

யுனிகோட் என்பது ஃபோனிலும் இணையத்திலும் எல்லோரும் தமிழ் அடிக்கும் பொது முறை. அந்த வகை ஃபொன்டில் முதலில் கவிவாணர் பாருங்கள். நம் நாட்டு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்தது. சாய்ந்த, இயல்பான கையெழுத்துச் சாயல். கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. மென்மையான, கொஞ்சம் விளையாட்டான முனைகள் வேண்டுமென்றால் அரிமா மதுரை இருக்கிறது. பெண் பிள்ளையின் சடங்குக் கார்டுக்கு அது நன்றாகப் போகும். கம்பீரமாக வேண்டும் என்பவர்களுக்கு நோட்டோ செரிஃப் தமிழைத் தடிப்பாகப் போட்டுக் கொடுக்கிறேன். கையெழுத்து இல்லைதான், ஆனால் பக்கத்தில் சுருள் ஆங்கிலம் நிற்கும்போது தமிழ் தாழ்ந்து தெரியாது.

கிரேட் வைப்ஸைத் தெரிவு செய்து தமிழில் அடித்தேன். சாதாரண எழுத்துத்தான் வருகிறது. ஏன்?

அந்த ஃபொன்டுக்குள் தமிழ் எழுத்தே இல்லை. மென்பொருள் தன்னிடம் இருக்கும் வேறு தமிழ் ஃபொன்டை எடுத்துப் போட்டுவிடும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகக் காட்டும். உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை.

பழைய கார்டிலிருந்து எழுத்தைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் போட்டால் கோணல்மாணலாக ஆங்கிலம் வருகிறதே?

அது பாமினி முறையில் அடித்தது. பாமினியில் ஆங்கில எழுத்துக்கள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறார்கள். நீங்கள் 'அம்மா' என்று பார்ப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிந்திருக்கிறது. ஃபொன்டைக் கழற்றினால் அந்த ஆங்கிலம் வெளியே தெரிந்துவிடும்.

இலங்கை அச்சகங்களில் பாமினி இன்னும் புழங்குகிறது. குறை சொல்ல மாட்டேன். பல வருடமாகச் சேர்த்த அலங்கார ஃபொன்டுகள் அந்த முறையில்தான் இருக்கின்றன, கொரல் ட்ரோ என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகளில் யுனிகோட் தமிழ் ஒழுங்காக உட்காராது. யுனிகோடில் அடித்த விஷயத்தைப் பாமினிக்கு மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை எழுத்தெண்ணி வாசியுங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ' போன்ற இடங்களில்தான் பெரும்பாலும் இடறும்.

ஃபொட்டோஷொப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. என்ன செய்ய?

எழுத்தை அடுக்கும் முறையை மாற்ற வேண்டும். ஃபொட்டோஷொப்பில் பத்தி அமைப்புக்குள் 'வேர்ல்ட் ரெடி' என்று ஒரு தெரிவு இருக்கிறது. இலஸ்ட்ரேட்டரில் முதலில் விருப்ப அமைப்புகளின் எழுத்துப் பகுதியில் இந்திய மொழித் தெரிவுகளைக் காட்டும்படி டிக் போட்டு, பிறகு தெற்காசிய அடுக்குமுறையைத் தெரிவு செய்யுங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

கார்டு முழுவதையும் இந்த எழுத்திலேயே போட்டால் என்ன?

கேட்டால் மறுத்துவிடுவேன், அல்லது மறுக்கப் பார்ப்பேன்.

மணமக்கள் பெயர், மேலே ஒரு வரி வாழ்த்து, 'அன்புடன் அழைக்கின்றோம்' போன்ற ஒரு தொடர். இவ்வளவுக்குத்தான் இந்த எழுத்து. இவற்றை யாரும் எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை, பார்க்கிறார்கள். வாசித்தே ஆகவேண்டிய பகுதி வேறு: முகூர்த்த நேரம், மண்டபம், தோட்டத்தின் பெயர், தொலைபேசி இலக்கம். சுருள் எழுத்தில் 1ம் 7ம் பல ஃபொன்டுகளில் ஒன்றையொன்று போலவே நிற்கும்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. முகவரியில் தோட்டத்தின் 'மேற்பிரிவு', 'கீழ்ப்பிரிவு' என்று வருகிறதே, அந்த ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால் விருந்தாளி பட்டுச்சேலையோடு மலை ஏறி, மறுபடி இறங்க வேண்டிவரும். டவுனில் இருந்து வரும் ஓட்டோக்காரரும் கார்டை வாங்கித்தான் பார்ப்பார். ஆகவே இடமும் நேரமும் நேரான, சாதாரண எழுத்தில். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எந்த அளவில் போட்டால் வாசிக்கலாம்?

இந்த வகை ஃபொன்டில் சின்ன எழுத்தின் உடம்பு மிகச் சிறியது. இடத்தின் பெரும்பகுதியை மேலும் கீழும் போகும் சுருள் பிடித்துக்கொள்கிறது. அதனால் 12 புள்ளி (பொயின்ட்) என்று போட்டாலும் கண்ணுக்கு 7, 8 போலத் தெரியும். கார்டில் பெயருக்கு நான் 28க்குக் கீழே போவதில்லை. மற்றத் தொடர்களுக்கு 18.

அளவை விட முக்கியம் மெல்லிய கோடு. 0.25 புள்ளிக் கோடு என்பது ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் அச்சடித்தால் ஓஃப்செட்டில் அது நிற்கும். அதையே குங்கும நிறப் பின்னணியில் வெள்ளையாக விட்டால் சுற்றி இருக்கும் மை பரவி மூடிவிடும். தங்க ஃபொயிலில் இன்னும் மோசம். மயிரிழை இருக்க வேண்டிய இடம் விட்டுவிட்டு ஒட்டும், அல்லது சுருளின் உள்வட்டம் நிரம்பிப் பொட்டாகிவிடும். ஃபொயில் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் கோடு தடித்த ஃபொன்டாகப் பாருங்கள், அல்லது எழுத்துக்கு மெல்லிய வெளிக்கோடு கொடுத்துத் தடிக்க வையுங்கள். சொரசொரப்பான கைவினைத் தாளும் இதே தொல்லையைத் தரும்.

மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து நெளியும், மை காயவும் நேரம் எடுக்கும். ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் இருப்பவர்கள் முகூர்த்தத்துக்குக் கிட்ட வந்து அவசரப்படுத்தாமல் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

பெயரை ஆங்கிலத்தில் போட்டோம், யாருக்கும் வாசிக்க வரவில்லை. ஃபொன்டில் பிழையா?

முதலெழுத்தைப் பாருங்கள். கொப்பர்பிளேட் வகையில் ஐயும் ஜேயும் இரட்டைப் பிள்ளைகள். டியும் எஃபும் அப்படியே. எஸ் சில ஃபொன்டில் எல் போல நிற்கும். ஜெயந்தி 'ஐயந்தி' ஆகிவிட்டால் பெண் வீட்டார் சும்மா இருப்பார்களா? நம் பெயர்கள் ஆங்கிலத்தில் நீளமாகவும் வரும். யோகேஸ்வரி, திருச்செல்வம் போன்றவற்றில் ஒரே மாதிரி வளைவுகள் வரிசையாக வந்து எங்கே ஓர் எழுத்து முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

ஆகவே ஃபொன்டை அதன் விளம்பரப் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். அந்தப் படத்தில் அந்த ஃபொன்டுக்கு எது நன்றாக வருமோ அந்தச் சொற்களைத்தான் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு இரண்டு பெயரையும் அடித்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அடுத்த ஃபொன்ட்.

முழுவதும் பெரிய எழுத்தில்?

வேண்டாம். சுருள் எழுத்தின் பெரிய எழுத்துக்கள் தனியாக நிற்கப் பிறந்தவை. ஐந்தாறைச் சேர்த்து வைத்தால் கொடி சிக்கியது போல இருக்கும். எழுத்துக்களுக்கு இடையே இடைவெளி கூட்டுவதும் கூடாது, கைகோத்து ஓடும் கோடு அறுந்துவிடும்.

வால், சுருள் எல்லாம் படத்தில் இருக்கிறது, நான் அடிக்கும்போது வரவில்லை.

அவை ஃபொன்டுக்குள் மாற்று உருவங்களாக ஒளிந்திருக்கின்றன. வேர்டில் 2010 பதிப்பிலிருந்து ஃபொன்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் நடைத் தொகுதிகளை ('ஸ்டைலிஸ்டிக் செட்ஸ்') மாற்றிப் பார்க்கலாம். இலஸ்ட்ரேட்டரில் 'கிளிஃப்' பலகையைத் திறந்தால் எல்லாம் கண்முன்னே வரும், இரண்டு முறை தட்டினால் போதும். பெயரின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று வால் போடலாம். நடுவில் வரும் எழுத்துக்கெல்லாம் வால் கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைப் பலகைக்கும் திருவிழா பெனருக்கும் போடலாமா?

நுவரெலியா ரோட்டில் பின்னேரம் பனிமூட்டம் இறங்கிய பிறகு ஒரு பலகையை வாசித்துப் பாருங்கள். தடித்த எழுத்து தெரியும், மெல்லிய கோடு முதலில் மறையும். கொப்பர்பிளேட்டில் பாதி எழுத்து மெல்லிய கோடுதான். அதுவும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு ஓரிரு நொடிதான் கிடைக்கும். பலகைக்குத் தூரிகை எழுத்துப் போதும், அதுவும் கடையின் பெயருக்கு மட்டும்.

ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதென்றால் கூடுதல் கவனம். மெல்லிய வால் வெட்டும்போதே கிழியும், இல்லாவிட்டால் ஈரக்காற்றில் முதலில் உரிவது அதுதான்.

தேர்த்திருவிழா, காமன்கூத்து பெனர்களில் சுருள் எழுத்தே தேவையில்லை என்பது என் கட்சி. அங்கே தமிழ் தடிப்பாக, வளைவாக, தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி நிற்க வேண்டும்.

தேயிலைப் பொதி லேபலுக்கு?

இது நல்ல இடம். வணிகப் பெயரைச் சுருள் எழுத்தில் போட்டால் பழைய காலத்து மணம் வரும், சுற்றுலா வருபவர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஆனால் பிஓபி, பிஓபிஎஃப், ஓபி என்ற தர எழுத்துக்களை நேரான எழுத்தில் விடுங்கள். அவை பெரிய எழுத்துக் கூட்டம், மேலே சொன்ன சிக்கல் வரும். நிறை, காலாவதித் திகதியும் அப்படியே. சிங்க இலச்சினையைக் கொண்டுவந்து 'இதையும் போட்டு விடுங்கள்' என்று கேட்பவர்களுக்கு: அது தேயிலைச் சபையின் சொத்து. முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதி செய்ததற்குத்தான், அனுமதி பெற்றுப் போடலாம்.

மரண அறிவித்தலுக்கு?

வேண்டாம். நேரான எழுத்து, பெயர் கொஞ்சம் பெரிதாக. அவ்வளவுதான்.

சிங்களமும் சேர்த்து மும்மொழிக் கார்டு. மூன்றுக்கும் அலங்கார எழுத்தா?

ஒரு மொழிக்கு மட்டும். சிங்கள எழுத்து இயல்பிலேயே வட்டமும் சுழியுமாக இருப்பதால், சுருள் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் அது சாதாரண ஃபொன்டிலேயே பொருந்திப் போகும். அபய லிப்ரே இலவசம், தடிப்பும் மெலிவும் நன்றாக இருக்கும். தமிழ் அங்கே கொஞ்சம் கட்டையாகத் தெரிவதுதான் சிக்கல். அதற்காகத் தமிழைச் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளுவது நடக்கிறது, நம் வீட்டுக் கல்யாணத்திலேயே! அளவை ஒன்றிரண்டு புள்ளி ஏற்றி, வரி இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தால் மூன்றும் சமமாக உட்காரும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஃபொன்டைப் போடலாமா?

'தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால், உங்கள் சொந்தப் பாவனைக்கு எடுக்கலாம். நான் காசுக்குச் செய்து கொடுக்கும் கார்டுக்கோ உங்கள் தேயிலை லேபலுக்கோ எடுக்க முடியாது, அதற்குத் தனியாக வாங்க வேண்டும். கூகுள் ஃபொன்ட்ஸில் உள்ள பெரும்பாலானவை திறந்த ஃபொன்ட் உரிமத்தில் இருப்பவை. வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபொன்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கவிவாணரும் கிரேட் வைப்ஸும் இந்த வகைதான்.

நானே செய்துவிட்டேன், அச்சகத்துக்கு எப்படி அனுப்புவது?

எழுத்தை வளைகோடாக, அதாவது ஃபொன்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃபாக அனுப்புங்கள். மாற்றாமல் அனுப்பினால், அவர்களிடம் உங்கள் ஃபொன்ட் இல்லாத பட்சத்தில் வேறு எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் வளைகோடாக மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கி விடும், மெல்லிய கோடு மங்கும். பிடிஎஃபை ஆவணமாக இணைத்தால் பரவாயில்லை.

அச்சுக்குப் போகும் முன் உண்மையான அளவில் ஒரு தாளில் எடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். கண்ணாடி போடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். திரையில் பெருப்பித்துப் பார்த்துவிட்டு 'சரி' சொல்கிற கார்டைத்தான் பிறகு திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

கையாலேயே எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கும்போது ஃபொன்ட் எதற்கு?

இருந்தால் அவரிடமே போங்கள். மணமக்கள் பெயரை மட்டும் நல்ல கை ஒன்றால் எழுதி வாங்கி, ஸ்கேன் பண்ணி, வளைகோடாக்கிக் கார்டில் வைக்கலாம். தமிழுக்கு இதுதான் ஆகச் சிறந்த வழி என்பேன். பலகை எழுதிப் பழகிய பெயின்டர்மாரில் சிலர் இரண்டு பெயரையும் பின்னிப் பிணைத்து எழுதுவார்கள், எந்த ஃபொன்டும் கிட்ட நிற்காது. 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துக் கொண்டுவாருங்கள். ஃபோனில் எடுத்த படத்தில் நிழல் விழும், அதைத் துடைப்பதே ஒரு நாள் வேலை.